தூது யாரிடம்? கொல்லிமலையும் இணையத் தொலைபேசியும்

"எந்த இணையத் தொலைபேசிச் சேவை நம்பகமானது?" இந்தக் கேள்வியை அண்மைக் காலத்தில் பலர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். கொல்லிமலையில் வீடும் தோட்டமும் வைத்திருக்கும் சக ஆசிரியர்கள் கேட்கிறார்கள். செம்மேட்டிலோ சோளக்காட்டிலோ சிறு கடை தொடங்க நினைப்பவர்கள் கேட்கிறார்கள். பெற்றோரை மலையில் விட்டுவிட்டுத் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போன பழைய மாணவர்கள் கேட்கிறார்கள். கணிப்பொறி படித்தவரிடம் கேட்க வேண்டியதைத் தமிழ் கற்பிப்பவரிடம் ஏன் கேட்கிறார்கள் என்று தொடக்கத்தில் வியந்ததுண்டு. ஆனால் யோசித்துப் பார்த்தால், இது நம் துறைக்கு முற்றிலும் அயலான கேள்வியன்று.

செய்தியைச் சுமந்து செல்பவரை எவ்வாறு தெரிந்தெடுப்பது என்பது நம் இலக்கியத்தின் பழங்கவலைகளுள் ஒன்று. வள்ளுவர் 69ஆம் அதிகாரம் முழுவதையும் தூதுக்கு ஒதுக்கினார். உயிருக்கே கேடு வரினும் சொல்ல வந்ததைச் சொல்லி முடிப்பவனே தூதன் என்பது அவ்வதிகாரத்தின் இறுதிக் கருத்து. அதற்கு முன்பே, 51ஆம் அதிகாரமாகத் 'தெரிந்து தெளிதல்' என ஒன்றை வைத்தார். ஆராயாமல் நம்புவதும், நம்பியபின் ஐயுறுவதும் ஒருசேரத் துன்பம் தரும் என்பது அங்கே அவர் காட்டும் முடிவு. பிற்காலப் புலவர்கள் அன்னத்தையும் கிளியையும் மேகத்தையும் தென்றலையும் தூது அனுப்பினார்கள். அவை போய்ச் சேர்ந்தனவா என்று எந்தத் தலைவியும் சரிபார்த்ததாகத் தெரியவில்லை. நமக்கு அந்தச் சலுகை இல்லை. பிரசவ வலியிலிருக்கும் பெண்ணுக்காக ஆம்புலன்ஸை அழைக்கும்போது, தூது போய்ச் சேர்ந்தே ஆக வேண்டும்.

ஆகவே இக்கட்டுரையில் எந்த நிறுவனத்தையும் சிறந்தது என்று பரிந்துரைக்கப் போவதில்லை. தேர்வுக்கான அளவுகோல் பற்றியே என் கவலை. மிக நல்ல பகற்பொழுதில் ஒரு சேவை எப்படி இருக்கிறது என்பதை வைத்து அதை அளக்கிறோம். மிக மோசமான இரவில் எப்படி இருக்கும் என்பதை வைத்தே அளக்க வேண்டும் என்பது என் துணிபு. சமவெளியில் இவ்விரண்டுக்கும் இடைவெளி சிறிது. மலையில் அது மிகப் பெரிது.

மலையின் இயல்பு

வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என வரிசையாக ஊடுருவிச் சென்றதைப் புறநானூற்றில் படித்திருக்கிறோம். அலைபேசிக் கோபுரத்தின் அலைக்கு அந்த ஆற்றல் கிடையாது. ஒரு குன்று குறுக்கே நின்றாலே அது தளர்ந்துவிடும். கொல்லிமலையோ குன்றுகளும் மடுக்களும் மாறி மாறி வரும் நிலம். கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் 1,300 மீட்டருக்கும் இடையே விரிந்து கிடக்கும் மேட்டுநிலத்தில் வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, அரியூர் நாடு, குண்டூர் நாடு, தேவனூர் நாடு என ஊராட்சிகள் இன்றும் 'நாடு' என்ற பழம்பெயரையே தாங்கி நிற்கின்றன. ஒவ்வொரு நாட்டிலும் சிறுசிறு ஊர்கள் சிதறிக் கிடக்கின்றன. ஒரு முகட்டில் நிற்பவருக்கு மூன்று நிறுவனங்களின் சிக்னலும் கிடைக்கும். அதே ஊரில் நூறு அடி கீழே ஓடையோரம் குடியிருப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

அலைவரிசையையும் கருத வேண்டும். 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை மேடுபள்ளங்களைச் சற்றே வளைந்து கடக்கும். 2,300 மெகாஹெர்ட்ஸ் போன்ற உயர்ந்த அலைவரிசை நேர்க்கோட்டிலேயே செல்ல விரும்பும். ஆகவே பழைய 2ஜி அழைப்பு கிடைக்கும் இடத்தில் வேகமான இணையம் கிடைக்காமல் போவது வியப்பில்லை. விளம்பரத்தில் '4ஜி' என்று அச்சிட்டிருப்பது உங்கள் வீட்டுத் திண்ணைக்கு எதையும் உறுதி செய்வதில்லை.

2024 ஆகஸ்டில் டிராய் வெளியிட்ட சேவைத்தர விதிமுறைகள், ஒவ்வொரு நிறுவனமும் தன் சேவை எங்கெங்கே கிடைக்கும் என்ற வரைபடத்தை இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று கட்டளையிட்டன. நல்ல ஏற்பாடுதான். எனினும் வரைபடம் மலையை மேலிருந்து பார்க்கிறது. நாம் மலைக்குள் வாழ்கிறோம். வண்ணம் தீட்டப்பட்ட பரப்புக்குள் ஒரு மடு இருந்தால் அந்த மடுவில் வாழ்பவர்தான் உண்மையைச் சொல்ல முடியும். எனவே முதல் சோதனை எளியது. சேவை எடுக்குமுன், பக்கத்து வீட்டில் அதே இணைப்பை வைத்திருப்பவரின் கருவியைக் கொண்டு உங்கள் வீட்டுக்குள்ளிருந்தே பேசிப் பாருங்கள். வாசலில் நின்று பேசிப் பார்ப்பது போதாது. மழை நாளில் ஒருமுறை, மாலை ஏழு மணிக்கு ஒருமுறை, ஆடிப் பெருக்கை ஒட்டி வல்வில் ஓரி விழாவுக்குக் கூட்டம் ஏறியிருக்கும் நாளில் ஒருமுறை என மூன்று முறை பாருங்கள். ஒரு கோபுரத்தின் கொள்ளளவை எல்லோரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள் என்பதால், கூட்ட நாளில் கிடைக்கும் பங்குதான் உண்மையான பங்கு.

பாதை வேறு, தூதர் வேறு

இணையத் தொலைபேசி என்ற ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களைக் குறிக்கிறோம். குழப்பத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது.

முதலாவது, செயலிக்கும் செயலிக்கும் இடையிலான பேச்சு. வாட்ஸ்அப், சிக்னல், நம் ஊர்க்காரர்கள் உருவாக்கித் தமிழ்ப் பெயரே சூட்டிய அரட்டை ஆகியன இவ்வகை. இரு பக்கமும் அதே செயலி இருக்க வேண்டும். இரண்டாவது, இணையத்தின் வழியே சாதாரணத் தொலைபேசி எண்களையும் அழைக்க வல்ல சேவை. இதில் உங்களுக்கென்று ஓர் எண்ணும் கிடைக்கும். மூன்றாவது, உங்கள் அலைபேசி நிறுவனமே உங்கள் பழைய எண்ணிலேயே தரும் வைஃபை அழைப்பு. கோபுரத்தின் சிக்னல் இல்லாத வீட்டுக்குள், வைஃபை வழியாக அழைப்பு நிறுவனத்தின் வலையமைப்பை அடைகிறது. இந்தியாவில் ஏர்டெல் 2019 டிசம்பரிலும் ஜியோ 2020 ஜனவரியிலும் இதைத் தொடங்கின.

இந்த மூன்றுக்கும் பொதுவானது, பாதை ஒருவருடையது, தூதர் மற்றொருவர் என்பதே. கண்ணாடி இழைக் கம்பியோ அலைபேசித் தரவோ பாதை. செயலியோ எண் வழங்கும் நிறுவனமோ தூதர். பேச்சு அறுந்தால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார். என் வீட்டிலேயே ஒருமுறை இவ்வாறு நேர்ந்தது. இணைப்புத் தந்தவர் செயலியில்தான் கோளாறு என்றார். செயலியின் உதவிப் பக்கமோ இணைப்பைச் சோதிக்கச் சொன்னது. இருவர் சொன்னதும் அவரவர் அளவில் முறைதான். பேச முடியாதவர் நாங்கள் மட்டுமே. ஆகவே எந்தச் செயலி என்று கேட்பதற்கு முன் எந்தப் பாதை என்று கேட்க வேண்டும். பாதை உறுதியாக இருந்தால் எல்லாத் தூதரும் ஓரளவு ஒழுங்காகவே ஓடுவர். பாதை சரியில்லையேல் எந்தத் தூதராலும் பயனில்லை.

இந்நாட்டில் இந்தத் தூதர்களின் கதை நெடியது. 1995 ஆகஸ்ட் 15 அன்று விதேஷ் சஞ்சார் நிகாம் பொதுமக்களுக்கு இணையத்தைத் திறந்துவிட்டது. வெளிநாட்டு அழைப்புகளின் தனியுரிமையும் அந்த நிறுவனத்திடமே இருந்தமையால், இணையத்தில் பேசுவது நெடுங்காலம் தடை செய்யப்பட்டிருந்தது. 2002 ஏப்ரல் 1 முதல்தான் இணையத் தொலைபேசி சட்டப்படி ஏற்கப்பட்டது. அப்போதும் கணிப்பொறியிலிருந்து வெளிநாட்டுத் தொலைபேசியை அழைக்கலாம், உள்நாட்டுத் தொலைபேசியை அழைக்கலாகாது என்று வரம்பிட்டார்கள். அமெரிக்காவிலிருக்கும் மகனை நாமக்கல்லிலிருந்து அழைக்கலாம், கொல்லிமலையிலிருக்கும் தாயை அழைக்கக் கூடாது என்ற விந்தை அது. ஸ்கைப் நிறுவனமும் 2014 நவம்பர் 10 முதல் இந்தியாவுக்குள்ளிருந்து இந்திய எண்களை அழைக்கும் வசதியை நிறுத்திக்கொண்டது. அதே ஆண்டு டிசம்பரில் ஏர்டெல் இணையப் பேச்சுக்குத் தனிக் கட்டணம் வாங்கப் போவதாக அறிவித்து, எதிர்ப்பு எழுந்ததும் பின்வாங்கியது. அதையொட்டி எழுந்த வலைச் சமநிலை விவாதம், உள்ளடக்கத்துக்கு ஏற்பத் தரவுக் கட்டணம் வேறுபடக் கூடாது என்ற டிராயின் 2016 பிப்ரவரி ஆணையில் முடிந்தது. 2017 அக்டோபரில் டிராய் பரிந்துரைக்க, 2018 ஜூனில் தொலைத்தொடர்புத் துறை இசைய, உள்நாட்டு எண்களையும் இணையம் வழியே அழைக்க வழி பிறந்தது. 2018 ஜூலையில் பி.எஸ்.என்.எல். நிறுவனம் 'விங்ஸ்' சேவையை ஆண்டுக்கு 1,099 ரூபாய் கட்டணத்தில் அறிவித்தது.

இந்த வரலாற்றை நினைவூட்டுவதற்குக் காரணம் உண்டு. ஒரு சேவை இன்று இருப்பது நாளை சட்டத்தாலோ வணிக முடிவாலோ இல்லாமற்போகலாம். 2003இல் பிறந்து, உலகெங்கும் பிரிந்து கிடந்த தமிழ்க் குடும்பங்களை ஒரே திரையில் கூட்டிய ஸ்கைப், 2025 மே 5 அன்று மூடப்பட்டது. மைக்ரோசாஃப்ட் அதை 2011இல் வாங்கக் கொடுத்த விலை 850 கோடி டாலர். அத்தனை விலை கொடுக்கப்பட்ட ஒரு சேவைக்கே இருபத்திரண்டு ஆண்டுகள்தான் ஆயுள். ஆகவே நிறுவனத்தின் பெருமையை நம்பி நிற்பதைவிட, எண் யாருடையது என்று பார்ப்பது நலம். அலைபேசி எண்ணை நிறுவனம் மாற்றினாலும் உடன் எடுத்துச் செல்லும் உரிமை இந்தியா முழுவதும் 2011 ஜனவரி முதல் உண்டு. செயலியில் கிடைக்கும் கணக்குக்கு அப்படி ஓர் உரிமை இல்லை. கடைப் பலகையில் எழுதப் போகும் எண், எடுத்துச் செல்லத்தக்கதாக இருக்கட்டும்.

வேகம் என்னும் பாவை

கொல்லிப்பாவையைப் பற்றிச் சங்கப் பாடல்கள் பேசுகின்றன. அழகால் ஈர்த்து, சிரித்து, நெருங்கியவரை வீழ்த்தும் பாவை அவள் என்பது மலையின் மரபு. இணைப்பு விற்பவர்களின் விளம்பரத்தில் 'நொடிக்கு 100 மெகாபிட்', '300 மெகாபிட்' என்ற எண்களைப் பார்க்கும்போது எனக்கு அந்தப் பாவையே நினைவுக்கு வருகிறாள். பேச்சுக்கு அவ்வளவு வேகம் தேவையே இல்லை. தொலைபேசி உலகின் பழைய முறைப்படி குரலை எண்மமாக்கினால் நொடிக்கு 64 கிலோபிட் ஆகும். மேலுறைகளைச் சேர்த்தாலும் 80 முதல் 90 கிலோபிட்டுக்குள் அடங்கிவிடும். குறுக்கும் முறைகளில் இன்னும் குறைவு. ஒரு மெகாபிட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசலாம்.

பேச்சைக் கெடுப்பவை வேறு மூன்று. குரல் ஏறத்தாழ நொடிக்கு ஐம்பது சிறு பொதிகளாக நறுக்கப்பட்டு அனுப்பப்படுகிறது. அவை தாமதமாக வந்து சேர்வது ஒன்று; ஒழுங்கற்ற இடைவெளியில் வந்து சேர்வது மற்றொன்று; வழியிலேயே தொலைந்துபோவது மூன்றாவது. ஒருவழித் தாமதம் 150 மில்லிநொடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பதும், 400ஐத் தாண்டினால் ஏற்கத்தக்கதன்று என்பதும் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. பூமியிலிருந்து 35,786 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியே பேசினால், ஏறி இறங்கும் பயணத்துக்கே கால் நொடி ஆகிவிடும். இருவரும் ஒரே நேரத்தில் பேசத் தொடங்கி, இருவரும் நிறுத்தி, மறுபடியும் இருவரும் தொடங்கும் அவலம் அதனால்தான். சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் தாழ்வட்டச் செயற்கைக்கோள்களில் இத்தொல்லை மிகக் குறைவு.

திரைப்படம் பார்ப்பவருக்குப் பொதி தாமதமானால் கருவி சற்று முன்கூட்டியே சேர்த்து வைத்துக்கொள்ளும். பேசுபவருக்கு அந்த வசதி இல்லை. நாளை சொல்லப் போகும் சொல்லை இன்றே சேர்த்து வைக்க இயலாது. எனவே நிறுவனத்திடம் கேட்க வேண்டிய கேள்வி எத்தனை மெகாபிட் என்பதன்று. தாமதம் எவ்வளவு, பொதி இழப்பு எவ்வளவு, மாலை நேரத்தில் அவை எவ்வளவு ஏறும் என்பனவே. இதற்கு விடை சொல்லத் தெரியாத விற்பனையாளரிடம் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள், ஓராண்டுக்குக் கட்டாதீர்கள்.

மின்சாரமும் அவசரமும்

பழைய தரைவழித் தொலைபேசிக்கு ஒரு பேரருள் இருந்தது. தொலைபேசி நிலையத்தின் மின்கல அடுக்குகளிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் அதே செம்புக் கம்பியில் வீட்டுக்கு வந்தது. ஊரே இருளில் மூழ்கினாலும் கருவியை எடுத்தால் மணியோசை கேட்கும். கண்ணாடி இழை ஒளியைத்தான் சுமக்கும், மின்சாரத்தைச் சுமக்காது. ஆகவே மின்சாரம் போனால் வீட்டிலுள்ள மோடமும் ரூட்டரும் அணைந்து, இணையத் தொலைபேசியும் உடன் அணையும். மலையில் காற்றும் மழையும் மரத்தைச் சாய்த்து மின்கம்பியை அறுக்கும் இரவுதான், பேச்சு மிகவும் தேவைப்படும் இரவும்.

பிரித்தானியா இதில் நமக்கு ஒரு பாடம். அங்கே செம்புக் கம்பித் தொலைபேசியை அறவே விலக்கி, எல்லாரையும் இணையவழித் தொலைபேசிக்கு மாற்ற 2025 டிசம்பர் என்று கெடு வைத்தார்கள். தரைவழித் தொலைபேசியை மட்டும் நம்பியிருப்பவர்களுக்கு, மின்தடையில் குறைந்தது ஒரு மணி நேரம் அவசர எண்ணை அழைக்க வழி செய்ய வேண்டும் என்று அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையம் வழிகாட்டியிருந்தது. அப்படியும் முதியோர் கழுத்தில் அணியும் அவசர உதவிப் பொத்தான்கள் புதிய இணைப்பில் வேலை செய்யாமற்போன நிகழ்வுகள் நேரவே, 2023 டிசம்பரில் கட்டாய மாற்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. கெடுவும் 2027 ஜனவரிக்குத் தள்ளப்பட்டது. மின்தடை அரிதான நாட்டிலேயே இவ்வளவு எச்சரிக்கை தேவைப்பட்டது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அவசர அழைப்பு இன்னும் கடுமையான சோதனை. 2005ஆம் ஆண்டின் தொடக்கத்தில், அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ஒரு வீட்டுக்குள் கொள்ளையர் புகுந்து பெற்றோரைச் சுட்டபோது, மகள் இணையத் தொலைபேசியில் 911ஐ அழைத்தாள். அழைப்பு காவல்துறையை அடையவில்லை. இந்தத் தொலைபேசியிலிருந்து 911 கிடைக்காது என்னும் பதிவுக் குரலே அவளுக்கு விடையாக வந்தது. அவ்வாண்டு மே மாதம், பொதுத் தொலைபேசியோடு இணைந்த இணையத் தொலைபேசி நிறுவனங்கள் யாவும் 911 சேவையைத் தந்தே ஆக வேண்டும் என்று அந்நாட்டு ஆணையம் கட்டளையிட்டது.

நம் நாட்டில் டிராய் 2017இல் தந்த பரிந்துரை அவ்வளவு தூரம் செல்லவில்லை. அவசர எண் வசதியைத் தர நிறுவனங்களை ஊக்குவிக்கலாம், இப்போதைக்குக் கட்டாயப்படுத்த வேண்டாம், குறைபாட்டை வாடிக்கையாளருக்குத் தெரிவித்தால் போதும் என்ற அளவில் அது நின்றது. வாட்ஸ்அப்பிலிருந்து 108ஐயோ 112ஐயோ அழைக்க முடியாது. இதை எத்தனை பேர் அறிவோம்? நாள்தோறும் மகனோடு வாட்ஸ்அப்பில் முகம் பார்த்துப் பேசும் ஒரு தாய், அதே வழியில் ஆம்புலன்ஸும் வரும் என்று எண்ணினால் அவரைக் குறை சொல்ல முடியாது. தமிழகத்தில் 108 சேவை 2008 செப்டம்பரில் வந்தது. மலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்க 70 கொண்டை ஊசி வளைவுகள். அந்தப் பாதையில் ஒரு நோயாளியை இறக்க ஆகும் நேரத்தை யாராலும் சுருக்க முடியாது. அழைப்புக்கு ஆகும் நேரத்தையாவது வீணாக்காமல் இருக்கலாம்.

ஆகவே மலைவீட்டில் இணையத் தொலைபேசி எவ்வளவு செம்மையாக ஓடினாலும், சாதாரண அழைப்புக்கான ஒரு சிம்மைக் கைவிடாதீர்கள். தரவு இல்லாமல் அழைப்பும் குறுஞ்செய்தியும் மட்டும் அடங்கிய ரீசார்ஜ் திட்டங்களை நிறுவனங்கள் தர வேண்டும் என்று டிராய் 2024 டிசம்பரில் விதித்தது. முதியவர்களுக்கு அத்தகைய திட்டமே ஏற்றது. தன் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறொரு நிறுவனத்தின் சிக்னல் எட்டுமானால் 112 அழைப்பை அதன் வழியே செலுத்த அலைபேசி முயலும். முகட்டில் எந்த இடத்தில் நின்றால் அழைப்பு போகும் என்பதை வீட்டிலுள்ள குழந்தைகளுக்கும் காட்டி வையுங்கள்.

இரண்டு பாதைகள்

காரவள்ளிப் பாதையில் மண் சரிந்தால் முள்ளுக்குறிச்சி வழியே சுற்றிப் போகிறோம். பேச்சுக்கும் அவ்வாறே இரண்டு வழிகள் வேண்டும். ஆனால் இரண்டு நிறுவனங்களின் இணைப்பு வாங்கியதாலேயே இரண்டு வழிகள் வந்துவிடா. ஒரே கோபுரத்தில் பல நிறுவனங்கள் தங்கள் கருவிகளைப் பொருத்துவது இந்நாட்டில் பெருவழக்கு. கோபுரம் மின்சாரம் இழந்தால் அத்தனையும் ஒன்றாக மடியும். கோபுரத்துக்குச் செல்லும் கண்ணாடி இழையும் வீட்டுக்கு வரும் இழையும் ஒரே சாலையோரம் பதிக்கப்பட்டிருந்தால், ஒரு மண்சரிவு இரண்டையும் அறுக்கும். ஆகவே இரண்டாவது இணைப்பைத் தேர்வதற்கு முன், அது முதலாவதோடு எதைப் பங்கிட்டுக்கொள்கிறது என்று விசாரியுங்கள். சென்ற மழைக்காலத்தில் இன்ன நாளில் அந்த இணைப்பு அறுந்தபோது இந்த இணைப்பு உயிரோடு இருந்ததா என்று ஊரில் கேட்டால், பொறியாளர் சொல்லாத உண்மை கிடைக்கும்.

மோடத்துக்கும் ரூட்டருக்கும் சேர்த்து ஒரு சிறு யு.பி.எஸ். வாங்கி வையுங்கள், அவை உண்ணும் மின்சாரம் மிகக் குறைவு. வைஃபை அழைப்பு எடுப்பவர்கள், அவசர எண்ணை அதன் வழியே அழைக்க முடியுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். புகார் செய்தால் பதிவெண்ணைக் குறித்து வையுங்கள். தீரவில்லையெனில் அதே நிறுவனத்தின் மேல்முறையீட்டு அமைப்புக்குச் செல்லுங்கள். தொலைபேசிக் குறைகளை நுகர்வோர் ஆணையங்கள் விசாரிக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவுபடுத்தியிருக்கிறது.

தேர்வு என்னும் சொல்

இத்தனையும் சொன்னபின் ஓர் உண்மையையும் சொல்லியாக வேண்டும். 'தேர்ந்தெடுங்கள்' என்று அறிவுரை கூறுவது, தேர்வதற்குப் பல இருக்கும் ஊரில்தான் பொருந்தும். மலையின் பல சிற்றூர்களில் இருப்பது ஒன்று. அதுவும் பாதி நாள். அங்கே 'நம்பகமான நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்காதது உங்கள் பிழை' என்று மக்களைச் சொல்வது அறமாகாது.

சந்தையே இதைச் சரிசெய்துவிடும் என்பார்கள். மக்கள் அடர்ந்த ஊரில் சந்தை சரிசெய்யும். பதினைந்து வீடுகளுக்காக ஒரு முகட்டில் கோபுரம் நட எந்த வணிகக் கணக்கும் இடம் தராது என்பதை அரசே ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை, அலைபேசிச் சேவை எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி கொண்டுசெல்ல 26,316 கோடி ரூபாய் ஒதுக்கியது அதனால்தான். தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழையால் இணைக்கும் பாரத்நெட் திட்டமும் அதே எண்ணத்தின் விளைவு. வேறு சிலர், வாட்ஸ்அப் இருக்கிறதே, இன்னும் என்ன வேண்டும் என்பார்கள். இலவசமாகக் கிடைப்பதைக் குறை சொல்லவில்லை. கடமை ஏதும் ஏற்காத ஒன்றை, கடமை ஏற்ற ஒன்றின் இடத்தில் வைத்துவிட்டு, பழையதை அகற்றுவதைத்தான் அஞ்சுகிறேன்.

ஆகவே மலைமக்கள் கேட்க வேண்டியவை மூன்று. ஊராட்சிக்கு வரும் இழை முனையத்திலும் முகட்டுக் கோபுரத்திலும் மின்தடையைத் தாங்கும் மின்கலம் எத்தனை மணி நேரம் நிற்கும் என்பது கிராம சபையில் அறிவிக்கப்பட வேண்டும். ஒவ்வோர் இணையத் தொலைபேசிச் சேவையும், தன் வழியே 108, 112 கிடைக்குமா என்பதைத் தமிழில், பெரிய எழுத்தில், பணம் வாங்குமுன் சொல்ல வேண்டும். 2ஜியோ செம்புக் கம்பியோ, அதன் இடத்தில் வருவது ஒரு முழு மழைக்காலத்தைத் தாண்டிக் காட்டும்வரை அகற்றப்படக் கூடாது. இவை பேராசைகள் அல்ல. பழைய கறுப்புத் தொலைபேசி ஓசையின்றிச் செய்துவந்த வேலையைப் புதியதும் செய்ய வேண்டும் என்பதே கோரிக்கை.

இதெல்லாம் நிறைவேறும்வரை, சேவை விற்க வருபவரிடம் நீங்கள் கேட்க ஒரே கேள்வி போதும்: ஐப்பசி அடைமழையில், மின்சாரம் இல்லாத நள்ளிரவில், என் வீட்டிலிருந்து ஓர் அழைப்பு வெளியே போகுமா? அவர் தரும் விடையை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.